எட்டு முழ நடை

ஆடித் தபசுக்கு ஊர் கூடுகிற சமயம் பார்த்து சங்கரன்கோவிலுக்கு ஒரு டூரிங் டாக்கீஸ் வரும். ராஜபாளையம் ரோட்டோரம் கொட்டகை போட்டு, தபசு முடிந்தும் ஒரு மாசம் ஓட்டிவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பிப் போய்விடும். யுத்தம் முடிந்து எட்டாம் வருஷம் வந்த கொட்டகையில்தான் மருதப்பன் இருந்தான்.

அவனுக்கு வேலை, நடப்பது. சிரிக்காதீங்க, நிசந்தான். நோட்டீஸ் வண்டி தெருத் தெருவாய்ப் போகும். இரண்டு பக்கமும் படத்தட்டி கட்டியிருக்கும். உள்ளே ஒருத்தர் உட்கார்ந்து தவுல் அடிப்பார். மாட்டுக்கு முன்னால் மருதப்பன் நடக்க வேண்டும். சும்மா நடந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தலையில் ஓட்டைத் தொப்பி, முகத்தில் அரிசிமாவு, இடுப்பில் ரெண்டு ஆள் நுழையும் கால்சட்டை. பொம்மைப் படத்து எலிக்கு உடம்பு முதலில் போய், கால் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பின்னால் வருமே, அப்படி நடப்பான். செருப்பு பெரிதாய்ப் போனவன் நடை நடப்பான். பந்தியில் இலை கிடைக்காதவன் நடை என்று ஒன்று வைத்திருந்தான். அதைப் பார்த்துச் சிரித்துப் புரையேறினவர்கள் உண்டு.

சொந்த ஊர் குருவிகுளம் பக்கம். ஆடு மேய்த்தவன். எழுத்து வாசிக்கத் தெரியாது. முகமும் அவனுக்கு மனசில் தங்காது. நேற்றுப் பேசினவரை இன்றைக்கு யாரென்று கேட்பான். ஆனால் ஒரு நடையை ஒரு தரம் பார்த்தால் போதும், அது காலில் ஏறிக்கொள்ளும். சந்தையில் பார்த்ததும் ஏறும், படத்தில் பார்த்ததும் ஏறும். எங்கே பார்த்தோம் என்பது மட்டும் மறந்துபோகும். படத்தைக்கூட அவன் முன்னால் இருந்து பார்த்ததில்லை. முன்பக்கம் டிக்கெட் எடுத்தவர்களுக்கு. கொட்டகை ஆட்கள் திரைக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"ஏலே, படத்துல அவன் வலது கையால தொப்பியத் தூக்குதான், நீ இடது கையால தூக்குதே. பீச்சாங்கைப் பயலே," என்று மெஷின் ஓட்டுகிற மைதீன் கேலி பண்ணுவான். மருதப்பன் கண்டுகொள்ள மாட்டான். எந்தக் கையால் தூக்கினால் என்ன, ஜனம் சிரித்தால் சரி.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். வண்டி தறிக்காரத் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். தவுலும் அதோடு சேர்ந்துகொண்டது. எலி நடை முடிந்தது, இலை கிடைக்காதவன் நடை முடிந்தது. தெரு பாதி தாண்டியதும் மருதப்பன் இந்த ஊர் இன்னும் பார்க்காத ஒன்றை எடுத்துவிட்டான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வலது கால் மண்ணில் இழுபடும். இடது முழங்கை, தறியில் இழை ஓட்டும் நாடாவை வீசுகிற மாதிரி வெடுக்கென்று வெளியே போய் வரும். நாலைந்து எட்டுக்கு ஒரு தரம், வாய்க்காலைத் தாண்டுவதுபோல் ஒரு துள்ளல். வாசுதேவநல்லூரில் இந்தத் துள்ளலுக்கு விசில் பறந்திருந்தது.

இங்கேயும் சிரிப்பு கிளம்பத்தான் செய்தது. கிளம்பின சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு வீட்டில் தறி நின்றது. பக்கத்து வீட்டில் நின்றது. எதிர்வரிசையில் நின்றது. தவுல்காரர் இன்னும் ரெண்டு அடி அடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். தெரு முழுக்க வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். கையில் கஞ்சிப்பசை காயவில்லை. விரலில் நூல் ஒட்டியிருந்தது. நேரே வந்து மாட்டுக்கு முன்னால் நின்றாள். பெயர் வள்ளித்தாய்.

"அண்ணாச்சி, இந்த நடைய எங்கன பாத்திய?"

திட்டத்தான் வருகிறாள் என்று அவன் நினைத்தான். "தப்பா எடுத்துக்காதீங்க தாயி. சும்மா சிரிப்புக்கு."

"கோவமில்ல. எங்கன பாத்தியன்னு கேக்கேன்."

அவனுக்குத் தெரியவில்லை. காலைக் கேட்டுப் பார்த்தான், கால் சொல்லவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் 'தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. முந்தின வாரம் வண்டி போன ஊர் நாக்கில் வந்து நின்றது.

"கரிவலத்துல. சந்தையில."

"கரிவலம்வந்தநல்லூரிலயா? எப்ப?"

"போன மாசம் இருக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நல்லா இருந்தாரா?"

"நல்லாத்தான் நடந்தாரு," என்றான் மருதப்பன்.

சாயங்காலம் அவளுடைய கணவனின் அண்ணன் செல்லப்பா கொட்டகைக்கு வந்தார். பெரிய மனுஷர். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார். தம்பி ஆறுமுகச்சாமி தறிக்குழியில் கால் நசுங்கினவன். கால் இழுத்துக்கொண்டதும் தறி மிதிக்க முடியவில்லை. ரங்கூனில் அரிசி ஆலையில் காவல் வேலை இருக்கிறதென்று கப்பலேறிப் போனான். கை மட்டும் தறியை மறக்கவில்லை. நடந்தால் நாடா வீசிக்கொண்டேதான் நடப்பான். ஜப்பான்காரன் அங்கே குண்டு போடுவதற்கு முன்னால் ஒரு கடிதாசி வந்தது. அதுதான் கடைசி.

"இந்த ஆடியோட பன்னெண்டு வருஷம்," என்றார் செல்லப்பா. "பன்னெண்டு வருஷம் தாக்கல் தகவல் இல்லேன்னா வைக்கோல்ல ஆளு கட்டி எரிச்சு, காரியம் செஞ்சு, பொண்டாட்டி தாலிய எறக்கிரணும். எங்க வழக்கம் அது. அமாவாசைக்கு நாள் குறிச்சாச்சு, இன்னும் ஒம்பது நாளு. உசுரோட இருக்கவனுக்குச் செஞ்சா கொன்ன பாவம். செத்தவனுக்குச் செய்யாம விட்டா, அவன் பன்னெண்டு வருஷமாப் பட்டினி கெடக்கான். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியல. நீரு பாத்தது நிசந்தானா வே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா," என்றான்.

மறுநாள் விடிந்ததும் வள்ளித்தாய் கரிவலத்துக்கு நடந்தாள். கொட்டகையைத் தாண்டித்தான் ரோடு. போகும்போது பார்த்தான். பொழுது சாயும்போது, முழங்கால்வரை புழுதியோடு திரும்பி வருவதையும் பார்த்தான். அதற்கு மறுநாளும் போனாள். மூன்றாம் நாளும் போனாள்.

அந்த நாட்களில் நடை அவனை விடவில்லை. வண்டிக்கு முன்னால் அதை மட்டும் நடக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தான். எலி நடையை எடுப்பான். பத்து எட்டுப் போகுமுன் வலது கால் மண்ணில் கோடு கிழிக்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் போனால் இடது முழங்கை வெடுக்கென்று போகும், தண்ணீர் சிந்தும். காலையில் எழுந்து வந்தால் கொட்டகை வாசல் மணலில் ஒரு கோடு கிடக்கும், இழுத்த காலின் கோடு. தான்தான் நடந்திருப்போம் என்று காலால் அழிப்பான். மறுநாள் அழித்த இடத்திலேயே கிடக்கும். ராத்திரி எழுந்து போனதாக அவனுக்கு நினைப்பில்லை.

ஊரும் அவனை மாற்றிப் பார்க்க ஆரம்பித்தது. வெற்றிலைக் கடைக்காரர் அவன் வருவதைக் கண்டால் எழுந்து நின்றார். தறிக்காரத் தெரு முக்கில் பணியாரம் சுடுகிற இசக்கியம்மாள் அவனைக் கூப்பிட்டு, நாலு பணியாரத்தை இலையில் வைத்து நீட்டினாள்.

"கையில சில்லறை இல்லியே."

"உன்ட்ட யாரு கேட்டா? தின்னு. அவனுக்குக் குடுத்ததா இருக்கட்டும்."

சூடான பணியாரம். மருதப்பனுக்கு அதை விழுங்க முடியவில்லை. தின்னாமல் போனால் யாரோ பசியோடு போகிற மாதிரியும் இருந்தது. நின்ற நிலையில் நாலையும் தின்று முடித்தான். தின்னத் தின்ன அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆறாம் நாள் மத்தியானம் வள்ளித்தாய் கொட்டகைக்கே வந்துவிட்டாள். படம் இல்லாத நேரம். தரை டிக்கெட் மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணாச்சி, ஒரு தடவ நடந்து காட்டுதியளா? அன்னைக்கு எனக்குக் கண்ணு நிக்கல."

நடந்தான். "இன்னொரு மட்டம்," என்றாள். நடந்தான். மூன்றாம் தரம் முடிந்ததும், மணலில் அவன் கால் கிழித்த கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலையச் சாய்க்கது அவருதான். முழங்கையும் அவருதான். ஆனா அவருக்கு இழுக்கது இடது காலு. வீசுறது வலது கை. நீங்க மாத்தி நடக்கிய. அந்தத் துள்ளலும் அவருக்குக் கெடையாது. அந்தக் காலு எப்படித் துள்ளும்?"

மருதப்பன் நின்ற இடத்தில் நின்றான். கை மாறி, கால் மாறி. ஆளைப் பார்த்துப் பிடித்த எந்த நடையும் அவனுக்கு மாறினதில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததுதான் இடம் வலமாக மாறும். பீச்சாங்கைப் பயலே என்று மைதீன் சொல்வது காதில் கேட்டது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது.

"தாயி," என்றான். "நான் அவர கரிவலத்துல பாக்கல. பொய் சொல்லிட்டேன். அவர நேர்ல பாத்ததே இல்ல. இந்தத் துணிக்குப் பின்னால இருந்து பாத்திருக்கேன்."

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தான்.

"சந்தையில மொத நாளே சொல்லிட்டாங்க, அப்படி ஒரு ஆளே வரலன்னு," என்றாள். "இருந்தாலும் போனேன். பன்னெண்டு வருஷத்துல இப்பந்தான் நடந்து போக ஒரு எடம்னு இருந்துது."

மைதீன் மெஷின் அறையில் பீடி குடித்துக்கொண்டு ரீல் சுற்றிக்கொண்டிருந்தான். மருதப்பன் நடந்து காட்டியதும் சிரித்தான். "அட, கோழிப்படம்லா."

அப்படித்தான் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். முதலாளி மதுரையில் பழைய டின்களோடு சேர்த்து வாங்கி வந்த துண்டுப்படம். சத்தம் கிடையாது. ரீல் மாற்றுகிற நேரத்தில் ஜனம் கத்தாமல் இருக்க ஓட்டுவது. ஒரு கூட்டம் ஆட்கள் மூட்டை முடிச்சோடு குடுகுடுவென்று ஓடுவார்கள், விரட்டின கோழிபோல. முன்வரிசை உருண்டு சிரிக்கும். வெள்ளைக்காரன் சிரிப்புப் படம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"டின்னு எங்க இருக்கு?" என்று மருதப்பன் கேட்டான்.

தேடி எடுத்தார்கள். மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மைதீன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினான். "பர்மா… ரோடு. நாப்பத்திரெண்டு." மூடியை மெள்ளக் கீழே இறக்கினான். "குண்டுக்குப் பயந்து பர்மாவுலருந்து ஜனம் நடந்தே வந்துதுல்லா, அதுதான் இது. இதை நான் படிக்கவே இல்லியே மருதப்பா. வெளியில லேபிள் கிழிஞ்சிருந்துது, உள்ள யாரு பாத்தா?"

"அவங்க ஏன் அப்படி ஓடுதாங்க?"

"ஓடலை வே. கையால சுத்துற காமிராவுல எடுத்தது. நம்ம மெஷின் வேகம். மெதுவா நடக்கவன் இதுல ஓடுவான். அழுதுக்கிட்டு நடந்தாலும் துள்ளிக்கிட்டுத்தான் வருவான்."

வாசலில் நின்ற வள்ளித்தாய் சொன்னாள்: "எனக்குக் காட்டுங்க."

"பகல்ல திரையில தெரியாது தாயி. வேகத்தக் கொறச்சா ஃபிலிம் பத்திக்கிடும்."

"மெஷின் வேண்டாம். கையில தாங்க."

கொட்டகைத் துணி காயப்போடுகிற கயிறு வெளியே இருந்தது. மைதீன் பீடியைத் தூரப் போய் மிதித்து அணைத்துவிட்டு வந்து, டின்னைப் பிடித்துக்கொண்டான். அவள் நுனியைக் கயிற்றின்மேல் போட்டு, வெயிலுக்கு எதிரே பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். பாவில் அறுந்த இழை தேடுகிறவள் கண் அது. ஒவ்வொரு படமும் கட்டைவிரல் நகம் அளவு. மருதப்பனுக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தது.

ரொம்ப நேரம் இழுத்தாள். பிறகு கை நின்றது.

"இந்தா இருக்காரு."

அழவில்லை. ஃபிலிமைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்தாள். "இப்ப வலது காலு." முன்பக்கம் திருப்பினாள். "இது இடது." அப்புறம் ஒவ்வொரு படமாகக் கீழே கொண்டுபோனாள். மருதப்பன் குனிந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தான். மெள்ள மெள்ள அவனுக்கும் தெரிந்தது: தலை சாய்ந்த ஒரு மனுஷன், எறும்பு அளவு.

"துள்ளலை அண்ணாச்சி. இங்கன பாருங்க. இழுக்கிற காலு தூக்க வராதுல்லா, ரெண்டு கையாலயும் தொடையப் பிடிச்சுத் தூக்கி அந்தப் பக்கம் வைக்காரு. எதையோ தாண்டுதாரு."

"மூட்டையா இருக்கும்," என்றான்.

அவள் நகத்தை வைத்துக் காட்டினாள். "மூட்டைக்குக் கை இருக்குமா?"

அவன் பார்த்தான். ரோட்டில் கிடந்ததற்குக் கை இருந்தது. கையில் வளையல் இருந்தது. அடுத்ததற்குத் தலைமுடி விரிந்து கிடந்தது. முன்னால் போனவர்களெல்லாம் ஒதுங்கிப் போயிருந்தார்கள். கால் இழுக்கிறவனுக்கு மேட்டில் ஏறி ஒதுங்க முடியாது. அதனால் தாண்டி வந்திருக்கிறான். ஒருத்தர்மேலும் கால் படவில்லை.

"ஏழு பேரு," என்றாள் வள்ளித்தாய்.

டின்னைப் பிடித்திருந்த மைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தரை டிக்கெட்டு பூரா சிரிச்சுதே," என்றான். "நானுஞ் சிரிச்சேன்."

மருதப்பனுக்குக் கால் இரண்டும் கூசின. ஊர் ஊராய், தெருத் தெருவாய், விசிலுக்கு நடுவில், அவன் அந்த ஏழு பேரையும் தாண்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"இதுக்குப் பொறவு?" என்று கேட்டு அவள் இழுத்தாள். ஏழாவது ஆளைத் தாண்டி அவர் ரெண்டு எட்டு வைக்கிறார். அதோடு படம் அறுந்து, வேறு துண்டோடு ஒட்டியிருந்தது. ஒட்டுக்கு அந்தப் பக்கம் குதிரைப் பந்தயம். அவள் திரும்பவும் முதலிலிருந்து பிடித்து, முழங்கையை மடக்கி அளந்தாள். "எட்டு முழம்." ஒரு வேட்டி நீளம்.

அமாவாசையன்று காலையில் குளத்தங்கரையில் செல்லப்பா வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தார். ஆளுக்குத் தலையும் உடம்பும் ஆகியிருந்தன, கால் இன்னும் கட்டவில்லை. பக்கத்தில் பொங்கின சோறு, எள்ளு, வாழையிலை. ஃபிலிம் விஷயம் அவருக்குச் சொல்லியாயிற்று. அவர் அதை ஒரு பக்கமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"நாப்பத்திரெண்டுல ரோட்டுல நடந்தான். சரி. நடந்தவன் வரலியே? அப்ப என்ன அர்த்தம்?"

"வரலன்னுதான் அர்த்தம்," என்றாள் வள்ளித்தாய். "வைக்கோல அவுத்துருங்க அத்தான். இன்னைக்குச் சோறு வைக்கலாம். அவருக்கில்ல. அவரு தாண்டி வந்தாருல்லா, அந்த ஏழு பேருக்கு."

"அவங்க யாரு, எந்த ஊரு, என்ன சாதி? பேரு தெரியாம எப்படி வைக்க?"

"தண்ணியத் தெளிச்சு வாங்கன்னு கூப்பிட்டாப் போதும். பசிச்சவங்க பேரக் கேட்டுக்கிட்டா வருவாங்க?"

செல்லப்பா பிரியைக் கையிலேயே வைத்திருந்தார். "ஏட்டி, எந்தம்பியும் அப்படி எங்கயாச்சும் கெடந்திருந்தா? அவனுக்கு யாரு வைப்பா?"

குளத்தில் தண்ணீர் கால்வாசிதான் இருந்தது. அதைப் பார்த்தபடி வள்ளித்தாய் சொன்னாள்:

"அவரத் தாண்டிப் போனவன் பொண்டாட்டி எவளாச்சும் வைப்பா."

செல்லப்பா வைக்கோல் ஆளை மடியில் போட்டு, முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார்.

அவள் மருதப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவன் முகத்தில் மாவு இல்லை, தொப்பி இல்லை. "அண்ணாச்சி, நீங்க நடக்கணும். அவங்க கெடந்த மாதிரியே எல விழணும். எங்கங்கன்னு உங்க காலுக்குத்தான் தெரியும். மெதுவா. இடது கால இழுத்து."

இத்தனை நாள் அந்த நடை அவனைப் பிடித்து இழுத்தது. இப்போது இவனாகப் போய் அதற்குள் நுழைய வேண்டும். இடது காலை இழுத்தான். மண்ணில் கோடு கிழிந்தது. வலது முழங்கை வெளியே போய் வந்தது. நாலு எட்டு. ஐந்தாவதில் குனிந்து, இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி, அந்தப் பக்கம் வைத்தான். அவன் கால் தாண்டின இடத்தில் அவள் ஒரு இலையைப் போட்டாள். செல்லப்பா சோறு வைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, "வாங்க," என்றார். ரெண்டாம் இலைக்குக் குரலை உயர்த்திக் கூப்பிட்டார்.

வளையல் போட்டவளுக்கு ஒரு இலை. முடி விரிந்து கிடந்தவருக்கு ஒரு இலை. குளிக்க வந்தவர்கள் படியில் நின்று பார்த்தார்கள். அந்த நடையைத் தெருவில் பார்த்தவர்கள் அதில் உண்டு. அன்றைக்கு அது வேறு நடையாக இருந்தது. அந்த எட்டு முழப் படத்தை நடந்து கடக்க ஒரு நாழிகை ஆன மாதிரி இருந்தது.

ஏழாவது இலை விழுந்தது. மருதப்பன் இன்னும் ரெண்டு எட்டு வைத்தான். அடுத்த எட்டுக்குக் கால் எழுந்தது. எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. அப்படியே நின்றான்.

"இதுக்கு மேல படத்துல இல்ல தாயி," என்றான் திரும்பாமல்.

அவள் அவனைத் தாண்டிக் கரைமேல் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. "சரி அண்ணாச்சி. கால எறக்குங்க," என்றாள்.

இறக்கினான். இலைகளுக்குக் குறுக்கே திரும்பி வர மனமில்லாமல், கரையிலிருந்து இறங்கி, முள்ளும் சேறுமாகக் கிடந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தான்.